கடைப்பக்கம் போன குரல்

அந்தப் பெட்டிக்கு ஒரே ஒரு வார்த்தைதான் தெரிந்திருந்தது. மின்சாரம் கொடுத்ததும் "ரெடி" என்று சொல்லும். மூக்கடைத்த வெள்ளைக்காரன் ஒருவன் தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து சொல்வது போலிருக்கும். அப்புறம் மூச்சு விடாது. ஒரு மாதம் நான் அதன் எதிரே உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் சொல்லித் திட்டியிருக்கிறேன். அது எதற்கும் அசையவில்லை.

இது நடந்தது இரண்டாயிரத்து ஒன்று வாக்கில். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம், நானும் என் மனைவியும் மட்டும். பார்வை இருந்தவரை நான் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். முப்பத்தோரு வயதில் கண் நரம்பு காயத் தொடங்கி ஒன்றரை வருஷத்தில் முழு இருட்டு. அந்த இருட்டைக் காட்டித்தான் எஸ்.டி.டி. பூத் கிடைத்தது. முன்னறை பூத்தானது. அதை அவள் பார்த்துக்கொண்டாள். பின்னறை எனக்கும் என் கம்ப்யூட்டருக்கும்.

பூத்தில் இரண்டு சின்ன பிரிண்டர்கள் இருந்தன. ஒன்று போன் மீட்டரோடு சேர்ந்தது, பில் அடிப்பது. இன்னொன்று சென்டர்க்காரர் கடைசிச் சம்பளத்துக்குப் பதிலாக என் தலையில் கட்டிய பழைய மாடல், பஸ் டிக்கெட்டை விடக் கொஞ்சம் அகலமான காகிதச் சுருளில் அடிப்பது. எப்போதாவது உதவும் என்று சுவரில் துளை போட்டு ஒயரைப் பின்னறைக்கு இழுத்து, என் கம்ப்யூட்டரில் சொருகி வைத்திருந்தேன். இரண்டும் ஒரே மாதிரிதான் கிர்ரென்று கத்தும். சத்தத்தை வைத்து எது அடிக்கிறது என்று சொல்ல முடியாது.

அந்தச் சென்டர்க்காரர் ஒன்று சொல்லியிருந்தார். யார் துணையும் இல்லாமல் நான் ஒரு மிஷினை ஓட்டிக் காட்டினால், லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் வகுப்பை என்னிடமே கொடுப்பதாக. அதைப் பிடித்துக்கொண்டுதான் அலைந்தேன். திரையில் வருவதைப் படித்துச் சொல்லும் வசதி லினக்ஸில் உண்டு. ஆனால் அதைத் தனியாகப் போட முடியாது. மிஷினின் அடிமனையான கெர்னலுக்குள்ளேயே அதைச் சேர்த்து, முதலிலிருந்து கட்டியெழுப்ப, அதாவது கம்பைல் செய்ய வேண்டும். அப்படிச் செய்துவிட்டால் மிஷின் கண் விழிக்கும்போதே பேசிக்கொண்டு விழிக்கும். ஒரு தர்ம ஸ்தாபனம் எனக்குப் பேசும் பெட்டியை அனுப்பி வைத்தது. கம்ப்யூட்டர் எழுத்துகளை ஒயர் வழியாக அனுப்பினால் அது உரக்கப் படிக்கும். அந்த ஒயரை மிஷினின் பின்பக்கம் இருந்த சொருகு துளைகளில், அதாவது போர்ட்டுகளில், முதலாவதில் மாட்டினேன்.

மனதுக்குள் நான் ஒரு முடிவு வைத்திருந்தேன். மிஷின் பேசினால் இருப்பது. பேசாவிட்டால் திண்டுக்கல் தாண்டி ஒரு விடுதி இருக்கிறது, பார்வையில்லாதவர்களுக்கு நாற்காலி பின்னச் சொல்லித் தருவார்கள், அங்கே போய்விடுவது. அவளுக்கு இருபத்தாறு வயது. பிள்ளை இல்லை. என்னைக் குளியலறைக்கு வழி காட்டியே அவள் காலம் போக வேண்டாம். இதை அவளிடம் சொல்லவில்லை. சொல்லாதது இது மட்டுமில்லை, எட்டு மாதமாக நான் அவளிடம் எதையுமே சொல்லவில்லை. "சரி", "வேணாம்", "வை", இவ்வளவுதான் எங்கள் பேச்சு. அவள் குரலில் இரக்கம் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சென்டரில் என்னோடு வேலை பார்த்த ஒரு பையன், இருபத்தைந்து வயதிருக்கும், சென்னையில் வேலை கிடைத்துப் போவதற்கு முந்தின வாரம் வந்து உதவினான். கெர்னல் போடும்போது அது நூற்றுக்கணக்கில் கேள்வி கேட்கும். அவன் படிக்கப் படிக்க நான் பதில் சொன்னேன்.

"அண்ணே, பேசுற பெட்டி எந்த போர்ட்ல இருக்குன்னு கேக்குதுண்ணே."

"ஒண்ணு."

"ஒண்ணுதானே? போட்டுட்டேன்."

நான்கு மணி நேரம் கம்பைல் ஓடியது. அதற்குள் அவனுக்குப் பஸ் நேரமாகிவிட்டது. "முடிஞ்சதும் ரீபூட் பண்ணுங்கண்ணே, பேசிரும். நான் வாரேன்" என்று தோளைத் தொட்டுவிட்டுப் போனான். நான் மிஷினை அணைத்து மறுபடி கிளப்பினேன். பெட்டி "ரெடி" என்றது. அதோடு சரி.

மிஷின் சாகவில்லை என்பது எனக்குத் தெரியும். ஹார்ட் டிஸ்க் உறுமும். என் பெயரையும் கடவுச்சொல்லையும் தடவித் தடவி அடித்து, மணியடிக்கச் சொல்லும் கட்டளையைக் கொடுத்தால் 'பீப்' என்று பதில் வரும். உள்ளே ஒருவன் உட்கார்ந்திருக்கிறான், நான் சொல்வதெல்லாம் கேட்கிறது, வாய் மட்டும் திறக்க மாட்டேன் என்கிறான். அந்த நிலைமை எனக்குப் பழக்கமானதுதான் என்று அப்போது தோன்றவில்லை.

மனப்பாடமாகத் தெரிந்த கட்டளைகளை வைத்து மறுபடி மறுபடி கம்பைல் செய்தேன். பெட்டியை இயக்கும் டிரைவர் புரோகிராமை மாற்றினேன், வேகத்தை மாற்றினேன், ஒயரைப் பிடுங்கித் துடைத்துச் சொருகினேன். கம்பைல் ஓடும் நேரத்தில் சும்மா இருக்க முடியாது. இன்னொரு திரைக்கு மாறி, ஒரு வெற்று ஃபைலைத் திறந்து, வாய்க்கு வந்ததை அடித்துக்கொண்டே இருப்பேன். ஆங்கில எழுத்தில் தமிழ். விரல் பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் ஊமை மிஷினிடம் பேசிக்கொண்டிருந்தேன். அது யாரிடமும் போய்ச் சொல்லாது என்ற தைரியம்.

இரண்டாவது வாரத்தில்தான் அது ஆரம்பித்தது.

ஒரு நாள் காலண்டரைப் பற்றி அடித்தேன். மின்விசிறிக் காற்றில் சுவர்க் காலண்டர் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும், பார்க்க முடியாதவன் அறையில் தேதி எதற்கு, தலைவலிதான் மிச்சம் என்று. மறுநாள் காலையில் அறையில் உட்கார்ந்தபோது ஏதோ குறைகிறது என்று தோன்றியது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. படபடப்பு இல்லை. எழுந்து சுவரைத் தடவினேன். ஆணி மட்டும் இருந்தது.

சரி, அவள் தற்செயலாக எடுத்திருப்பாள் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துக் குடத்தைப் பற்றி அடித்தேன். கட்டிலிலிருந்து குளியலறைக்குப் பதினான்கு அடி, ஒன்பதாவது அடியில் தண்ணீர்க் குடம் எங்கே இருக்கும் என்பது மட்டும் தெய்வத்துக்குத்தான் வெளிச்சம், தினமும் கட்டை விரலில் இடித்துக்கொள்கிறேன், இதைச் சொன்னால் அவள் அழுவாள் என்று. அன்று சாயங்காலம் ஒன்பதாவது அடியில் காலை மெல்ல நீட்டினேன். ஒன்றுமில்லை. குடம் சுவரோரம் போயிருந்தது. அதற்கப்புறம் அது இடம் மாறவே இல்லை.

சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். வாழைப்பூ வடை தின்று எத்தனை வருஷமாயிற்று என்று அடித்தேன். யாரிடமும் சொல்லாத ஆசை, எனக்கே அன்றுதான் ஞாபகம் வந்தது. அடித்த கையோடு ஃபைலைச் சேமிக்காமல் அழித்தேன். மறுநாள் மத்தியானம் தட்டில் கை வைத்தபோது சோற்றுக்குப் பக்கத்தில் சூடாக, மொறமொறப்பாக இரண்டு வட்டம் இருந்தன. முகர்ந்தேன். வாழைப்பூதான்.

"இது எதுக்கு?" என்றேன். அந்த வாரத்தில் நான் அவளிடம் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

"சும்மாதாங்க. மார்க்கெட்ல கெடச்சுச்சு" என்றாள்.

தட்டைத் தள்ளி வைத்தேன். நான் நினைப்பதை இந்த வீட்டில் ஏதோ ஒன்று படிக்கிறது. பகல் பன்னிரண்டு மணி, வெளியே பஸ்கள் ஹாரன் அடிக்கின்றன, பூத்தில் பில் மிஷின் கிர்ரென்கிறது. அந்த நேரத்திலும் அந்த அறையில் நான் தனியாக இல்லை என்ற எண்ணம் போகவில்லை. அடிப்பதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தால், கூடவே வெளியிலும் ஏதோ ஒன்று நின்றுபோன மாதிரி இருக்கும். மறுபடி அடித்தால் அதுவும் தொடங்கும். என் மண்டைக்குள் ஓடும் சத்தம்தான் என்று தேற்றிக்கொண்டேன். டீக்கடைக்காரர் ஒருமுறை வம்பாகச் சொன்னது வேறு ஞாபகம் வந்து தொலைத்தது.

"அந்த வீடு யாருக்கும் தங்காதுண்ணே. முன்ன இருந்தவரு, ஆளே இல்லாத ரூம்ல யாரோ கூடவே இருக்காகன்னு சொல்லித்தான் காலி பண்ணிட்டுப் போனாரு. நீங்க பரவால்ல, ஒண்ணும் பாக்கவேண்டியதில்ல" என்றார். அவருக்கு அது நகைச்சுவை.

பேயை நம்புகிற ஆள் இல்லை நான். ஆனால் கண்ணில்லாதவனுக்கு ஒன்றைத் திரும்பிப் பார்த்து இல்லையென்று உறுதி செய்துகொள்ளும் வசதி கிடையாது. பயந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முப்பத்துமூன்று வயதில் சுவரில் முதுகை ஒட்டி வைத்துக்கொண்டுதான் கீபோர்டை மடியில் வைத்து அடித்தேன்.

அப்புறம் அந்தப் புதன்கிழமை. அன்று நான் அடித்தது இது: அவள் முகம் எனக்கு மறந்துகொண்டு வருகிறது. பச்சைச் சேலை ஞாபகம் இருக்கிறது, பின்னல் ஞாபகம் இருக்கிறது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் ஊற்றி அழித்த மாதிரி இருக்கிறது. மூக்குத்தி எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியவில்லை. இதை யாரிடம் கேட்பேன்.

சாயங்காலம் பூத்தில் கூட்டமில்லாத நேரம். கதவு திறந்தது. கொலுசுச் சத்தம் என் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்று கீழே இறங்கியது. என் வலது கையைப் பிடித்துத் தூக்கினாள். விரல் நுனியில் ஈரமான, சூடான தோல் பட்டது. கன்னம். விரலை மூக்கின் பக்கம் நகர்த்தினாள்.

நான் அலறிக் கையைப் பிடுங்கிக்கொண்டேன்.

அவள்தான் என்று தெரியும், அவள் எண்ணெய் வாசனை தெரியும். ஆனாலும் அந்த ஒரு கணம், என் மனதைப் படிக்கும் அந்த ஒன்றுதான் அவள் உருவில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்துவிட்டேன். "போ வெளிய" என்று கத்தினேன். அவள் எழுந்து போய்விட்டாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

அன்றே முடிவு செய்துவிட்டேன். மிஷினும் பேசப்போவதில்லை, இந்த வீட்டில் இருந்தால் எனக்குப் பைத்தியமும் பிடிக்கும். வழக்கம்போல மிஷினிடம்தான் சொன்னேன்: அவள் நன்றாக இருக்கட்டும். வெள்ளிக்கிழமை பத்து மணி பஸ்ஸில் திண்டுக்கல் போகிறேன். திரும்பி வரமாட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை அவள் பூத்தில் இருக்கும்போது கட்டிலடியில் இருந்த பையை எடுத்தேன். முந்தின நாள் நான் இரண்டு சட்டையும் ஒரு வேட்டியும் வைத்திருந்த பை. இப்போது அது கனத்தது. ஏன் என்று யோசிக்கக்கூடப் பயமாக இருந்தது. மிஷினை அணைக்காமலே பின்வாசல் வழியாகக் கிளம்பினேன். கைக்கோலைத் தட்டித் தட்டிப் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்து, கண்டக்டர்கள் கூவும் திசையைப் பிடித்து ஏறினேன். யாரும் தடுக்கவில்லை. தடுக்காதது எனக்குக் கோபமாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பாத்திமா கல்லூரி தாண்டியபின் பையைத் திறந்து தடவினேன். என் துணிக்கு மேல் ஒரு துண்டு. சோப்பு டப்பா. கண்ணுக்கு ஊற்றும் மருந்து, அதை நான் மறந்திருந்தேன். துணி சுற்றிய டிபன் பாக்ஸ், இன்னும் சூடாக. அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. ரப்பர் பேண்ட் போட்டுச் சுற்றிய காகிதச் சுருள், என் முழங்கை தடிமன் இருக்கும்.

பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன். பாலிடெக்னிக்கில் படிக்கிறவராம். "தம்பி, இது என்னன்னு பாத்துச் சொல்றீங்களா?"

அவர் பிரித்தார். "என்னமோ பில்லு மாதிரி இருக்குண்ணே. இங்கிலீஷ்ல அடிச்சிருக்கு. லினக்ஸ் வெர்ஷன்... மெமரி... அப்புறம், ஸ்பீச் ஆன் போர்ட் டி டி ஒய் எஸ் ஒன்..."

"என்ன? மறுபடி சொல்லுங்க."

"எஸ் ஒன்ணே."

தலையில் அடித்துக்கொண்டேன், நிஜமாகவே. பெட்டி முதல் போர்ட்டில் இருக்கிறது. அந்தக் கணக்கில் முதலாவது பூஜ்யம், இரண்டாவதுதான் ஒன்று. கம்ப்யூட்டர் பூஜ்யத்திலிருந்து எண்ணும் என்று ஒவ்வொரு வகுப்பிலும் முதல் நாள் பலகையில் எழுதிப் போட்டவன் நான். தப்பாகச் சொன்ன பையனை எழுப்பி நிறுத்தி மானத்தை வாங்கியவன். ஒரு மாதமாக மிஷின் மூச்சு விடாமல் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. இரண்டாவது போர்ட்டில், சுவர்த் துளை வழியாக, பூத்தில் இருந்த பழைய பிரிண்டரிடம். நான் அமுக்கிய ஒவ்வொரு எழுத்தையும் அது கடையில் அச்சடித்திருக்கிறது. பில் என்று நான் நினைத்த சத்தத்தில் பாதி அதுதான்.

"படிக்கவாண்ணே?" என்று அவர் தயங்கினார். "கேலண்டர், தலைவலின்னு வருது. கொடம்... வாழப்பூ வட..." குரல் இறங்கியது. "இது உங்க சொந்த விஷயம் போலண்ணே."

"கடைசியப் பாருங்க தம்பி."

சுருளை அவர் பிரித்துக்கொண்டே போனார். காகிதம் என் மடியிலும் காலடியிலும் விழுந்தது. சமயநல்லூரில் நிறுத்தி ஆள் ஏற்றினார்கள். கடைசியில் பேனாவால் எழுதியிருக்கிறது, தமிழ் என்றார். பஸ் இரைச்சலுக்கு மேல், ஒரு அந்நியன் குரலில், என் மனைவி பேசியதைக் கேட்டேன்.

"இது தானா அடிச்சப்ப மொதல்ல ரொம்பப் பயந்தேன். ஆளே இல்லாம எழுத்து வந்துச்சு. கடையைப் பூட்டிட்டு ஓடிறலாம்னு பாத்தேன். காலண்டரப் பத்தி வந்தப்பதான் நீங்கன்னு தெரிஞ்சுச்சு. சொன்னா எழுதுறத நிறுத்திருவீங்கன்னு சொல்லல. எட்டு மாசத்துல நீங்க எங்கிட்டப் பேசுனது இம்புட்டுத்தான். ஒளிஞ்சு படிச்சது தப்புதான். போறதுன்னா போங்க. கண் மருந்து மூணு வேளை. வாடிப்பட்டியில பஸ் பத்து நிமிஷம் நிக்கும்."

படித்துவிட்டு அவர் காகிதத்தை என் மடியில் வைத்தார். நான் அழுதேன். கண்ணுக்கு அந்த ஒரு வேலையாவது இன்னும் தெரிகிறது.

வாடிப்பட்டியில் அவரே என்னை இறக்கி, எதிர்ப்பக்கம் கூட்டிப்போய் மதுரை பஸ்ஸில் ஏற்றிவிட்டார். சுருளை ஒழுங்காகச் சுற்ற முடியவில்லை. நெஞ்சோடு அள்ளிப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்குள் பின்வாசல் வழியாகவே நுழைந்தேன். மிஷின் உறுமிக்கொண்டிருந்தது. அவள் பூத்தில் யாருக்கோ நம்பர் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மண்டியிட்டு மிஷினின் பின்பக்கத்தைத் தடவி, இரண்டு ஒயரையும் பிடுங்கி, இடம் மாற்றிச் சொருகினேன். இரண்டு நிமிஷ வேலை. திரையில் இருக்கும் வரியைப் படிக்கும் பொத்தானை அமுக்கினேன்.

பெட்டி பேசியது. தகர டப்பாவுக்குள் இருந்த வெள்ளைக்காரன், நான் கடைசியாக அடித்து விட்டுப்போன தமிழைத் தன் வாயில் போட்டுக் குதறி, நிறுத்தி நிறுத்திச் சொன்னான். "திரும்பி. வர. மாட்டேன்." உரக்க. ஆளில்லாத அறையில் என் சொற்கள் இன்னொருவன் தொண்டையிலிருந்து வருவதைக் கேட்டு என் மயிர்க்கால் குத்திட்டது. முதல் சில நாள் அவளுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்.

கொலுசு ஓடி வந்து கதவருகே நின்றது. மூச்சு வாங்கியது. அப்புறம் கேட்டாள்.

"பேச ஆரம்பிச்சிருச்சா?"

"ஆமா. ஒயரு மாறி இருந்துச்சு."

"அப்ப இனிமே அங்க அடிக்காதா?"

"அடிக்காது."

அவள் கதவில் சாய்ந்த சத்தம் கேட்டது. "நீங்க நெனக்கிறது எனக்கு இனி எப்பிடித் தெரியும்?" என்றாள்.

நான் பெட்டியை அணைத்தேன். எட்டு மாதத்தில் என் பேச்சு துருப்பிடித்துப் போயிருந்தது. ஒருவழியாகச் சொன்னேன்.

"இங்க வா. மூஞ்சியக் காட்டு."

அவள் வந்து கீழே உட்கார்ந்தாள். என் கையை அவள் பிடிக்கவில்லை. நானாக நீட்டும்வரை காத்திருந்தாள். மூக்குத்தி இடது பக்கம்.